சொல்லாமலே கடிக்குமா உங்கள் ஓநாய்? துணை விலங்கோடு ஆட வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஆட முதன்முறை உட்காருபவர், காட்டில் திரியும் வேட்டைக்காரப் பாத்திரமான ரேஞ்சரைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் வில்லும் அம்பும் இல்லை. கூடவே ஒரு ஓநாய் வரும் என்பதுதான். பெயர் வைத்தாயிற்று, படம் வரைந்தாயிற்று. முதல் சண்டையில் புதருக்குள்ளிருந்து கோப்ளின் குதிக்கிறது. "என் ஓநாய் பாய்ஞ்சு கடிக்குது" என்கிறார். டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர், நிமிர்ந்து பார்த்து, "சரி, அப்போ உங்க ஆக்‌ஷன் முடிஞ்சுது. அடுத்தவர்?" என்கிறார்.

ஆக்‌ஷன் என்பது உங்கள் முறையில் நீங்கள் செய்யும் முக்கியச் செயல். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கடித்தது ஓநாய், செலவானது என் முறையா?

துணை விலங்கின் சுதந்திரம் என்று பொதுவாகப் பேசினால் எதுவும் தெளியாது. கேள்வியை மூன்றாக உடைத்துக்கொள்ளுங்கள். அது எப்போது தானாக நகரும்? எப்போது தானாகத் தாக்கும்? அதன் மனசில் என்ன ஓடுகிறது என்பதை யார் முடிவு செய்வது? முதல் இரண்டுக்கும் விதிப்புத்தகம் நேரடியாகப் பதில் சொல்லும். மூன்றாவதை அனேகமாகச் சொல்லாமல் விட்டுவிடும். அந்த இடைவெளியை மேசையில் இருப்பவர்கள் முன்கூட்டியே பேசி நிரப்பிக்கொள்ளாவிட்டால், விலங்கு ஒன்று பொம்மையாகிவிடும், இல்லை ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு பாத்திரம் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கட்டுரையில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை மையமாக வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க, இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு. ஒரே கேள்விக்கு இரண்டும் வேறு வேறு பதில் சொல்கின்றன என்பதால் ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும்.

படி 1: எந்த ஆண்டின் விதி என்று கேளுங்கள்

"ஐந்தாம் பதிப்பு ஆடுறோம்" என்று டிஎம் சொன்னால் போதாது. துணை விலங்கோடு ஆடும் ரேஞ்சருக்குப் பீஸ்ட் மாஸ்டர் என்று பெயர், அந்த ஒரே பெயருக்குள் பல விதிகள் இருக்கின்றன.

ஆட்டக்காரர்களுக்கான விதிப்புத்தகமான 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் சொன்னது இது: விலங்கு எங்கே நகர வேண்டும் என்று வாயால் சொல்வதற்குச் செலவு இல்லை. ஆனால் அது தாக்க வேண்டுமானால் உங்கள் ஆக்‌ஷனைக் கொடுத்துக் கட்டளையிட வேண்டும். கட்டளை இல்லையென்றால் அது எந்த ஆக்‌ஷனும் செய்யாது. எதிரி வாளை ஓங்கிக்கொண்டு நிற்க, ஓநாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் காட்சி இந்த விதியின் புண்ணியத்தில் வந்ததுதான். ஆட்டக்காரர்களிடமிருந்து புகார் நிறையவே எழுந்தது.

2016 செப்டம்பரில், ஆட்டத்தை வெளியிடும் நிறுவனமான விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் திருத்தப்பட்ட ரேஞ்சர் ஒன்றைச் சோதனைக்காக வெளியிட்டது. அதில் விலங்கு தனக்கென்று இனிஷியேட்டிவ் பகடை (சண்டையில் யார் முறை எப்போது என்று தீர்மானிப்பது) உருட்டும், தன் முறையில் தானே செயல்படும். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஆட்டக்காரர் தீர்மானிப்பார். சுதந்திரம் என்றால் இதுதான் என்று பலரும் கொண்டாடினார்கள். ஆனால் அது அப்படியே எந்த அதிகாரப்பூர்வப் புத்தகத்திலும் அச்சேறவில்லை. இன்றும் சில மேசைகளில் இந்தச் சோதனை விதியை வைத்து ஆடுகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

2018 வாக்கில் வந்த திருத்தப் பட்டியலில் பழைய விதி கொஞ்சம் தளர்ந்தது. கட்டளை இல்லாவிட்டால் விலங்கு டாட்ஜ் செய்யும், அதாவது அடியிலிருந்து விலகித் தற்காத்துக்கொள்ளும். நீங்கள் மயங்கி விழுந்தாலோ அங்கே இல்லாவிட்டாலோ, உங்களையும் தன்னையும் காப்பாற்றுவதில் கவனம் வைத்துத் தானாகச் செயல்படும். ரியாக்‌ஷனுக்கு (அடுத்தவர் முறையில் சட்டென்று செய்யும் எதிர்வினைக்கு) உங்கள் உத்தரவே வேண்டாம்.

2020-இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகம் விதியையே மாற்றி எழுதியது. உண்மையான ஓநாயையோ சிறுத்தையையோ தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக நிலம், கடல், வானம் என்று மூன்று வகை விலங்கு வடிவங்கள். உருவம் உங்கள் கற்பனை, எண்கள் புத்தகத்தினுடையவை. கட்டளைக்கு இனி, ஒரு முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். 2024 ஹேண்ட்புக்கும் இதே வழியில்தான் போகிறது, சில கணக்குகள் மட்டும் மாறியிருக்கின்றன.

ஆக, டிஎம்மிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "2014-ஆ, 2020-ஆ, 2024-ஆ?" புதியவர் என்றால் 2014 விதியைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் கட்சி.

படி 2: உங்களிடம் இருப்பது எந்த வகை விலங்கு?

நாய் என்றால் நாய்தானே என்று நினைக்கக்கூடாது. விதிகளைப் பொறுத்தவரை அந்த நாய் உங்களிடம் எப்படி வந்தது என்பதுதான் முக்கியம்.

ரேஞ்சர் போன்ற பாத்திர வகையை வகுப்பு என்பார்கள், அந்த வகுப்பின் சலுகையாக வந்த துணை விலங்கு ஒன்று. இதற்குத்தான் மேலே சொன்ன கட்டளை விதிகள் பொருந்தும். ஃபைண்ட் ஃபெமிலியர் மந்திரத்தில் வந்த ஆந்தையோ பூனையோ இன்னொன்று, இதற்கு முற்றிலும் வேறு விதி. நீங்கள் ஏறிச் செல்லும் குதிரைக்கு அதற்கென்று தனி விதி. கடைசியாக, காசு கொடுத்து வாங்கிய விலங்கு: 2014 விலைப்பட்டியலில் மாஸ்டிஃப் நாய் 25 பொற்காசு. அதை எப்படிக் கட்டளையிடுவது என்று எந்த வகுப்புச் சலுகையும் சொல்வதில்லை. அது டிஎம் கையில் இருக்கும் ஒரு பாத்திரம். நீங்கள் சொல்லலாம், அது கேட்குமா என்பதை அவர் முடிவு செய்வார், தேவைப்பட்டால் விலங்கைக் கையாளும் திறமைக்கான அனிமல் ஹேண்ட்லிங் பகடை கேட்பார்.

கேரக்டர் ஷீட்டில் விலங்கின் பெயருக்குப் பக்கத்திலேயே இந்த வகையை எழுதி வையுங்கள். சண்டை நடுவில் வரும் வாக்குவாதங்களில் பாதி, ஃபெமிலியரின் விதியைத் துணை விலங்குக்குப் பொருத்திப் பார்ப்பதால் வருபவை.

படி 3: ஒரு முறைக்குள் என்னென்ன செலவாகிறது என்று கணக்கு வையுங்கள்

இதுதான் அதிகம் உழைக்க வேண்டிய படி. 2020 விதியை எடுத்துக்கொள்வோம். உங்கள் ரேஞ்சர் 5-ஆம் நிலை. கூட நில வகை விலங்கு, பெயர் கருப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியைத் தடுக்கும் எண்ணான ஆர்மர் கிளாஸ், 13-உடன் உங்கள் தேர்ச்சி எண்ணான புரொஃபிஷியன்சி 3 சேர்த்து 16. உயிர்ப் புள்ளியான ஹிட் பாயின்ட், 5-உடன் நிலையின் ஐந்து மடங்கு, ஆக 30. வேகம் 40 அடி. அடித்தால் சேதம் 1டி8-உடன் 5, அதாவது ஒரு எட்டுமுகப் பகடையில் விழுவதோடு 5.

எதிரே 40 அடி தூரத்தில் ஒரு தடியன், கையில் குறுக்குவில். உங்கள் முறை.

கருப்பன் நகர்வதற்கு எதுவும் செலவில்லை. தாக்கச் சொல்ல உங்கள் போனஸ் ஆக்‌ஷன் போகும். ஆக்‌ஷன் அப்படியே மிச்சம், அதில் இரண்டு அம்பு விடலாம். நேர்கோட்டில் குறைந்தது 20 அடி ஓடிப்போய் அடித்தால் கருப்பனுக்குக் கூடுதலாக 1டி6 சேதம், அதோடு எதிரி ஸ்ட்ரெங்த் பகடையில் தோற்றால் தரையில் விழுவான்.

அருமை என்று உடனே கருப்பனை ஏவிவிடாதீர்கள். தரையில் விழுந்து கிடப்பவனைத் தூரத்திலிருந்து அம்பால் அடித்தால் உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ், இரண்டு பகடையில் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். கருப்பன் முதலில் பாய்ந்தால் உங்கள் இரண்டு அம்பும் கெடும். முதலில் இரண்டு அம்பையும் விடுங்கள், அப்புறம் கருப்பனை அனுப்புங்கள். விழுந்தவனைப் பக்கத்திலிருந்து வெட்டுபவருக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடையில் பெரியது, கிடைக்கும். அதனால் அடுத்த முறை உங்கள் கூட்டத்தின் வாள்காரருடையது என்றால், கடைசியில் பாய்ந்தது அவருக்கும் லாபம். உங்கள் வில்லுக்கும் அவர் வாளுக்கும் நடுவில் விலங்கை எப்போது நுழைப்பது என்பதுதான் பீஸ்ட் மாஸ்டர் ஆட்டத்தின் பாதி சுவை.

அடுத்த சுற்று. இப்போது ஹன்டர்ஸ் மார்க் மந்திரம் போட ஆசை. அதற்கும் போனஸ் ஆக்‌ஷன்தான். ஒரு முறையில் ஒரே ஒரு போனஸ் ஆக்‌ஷன் என்பதால் கருப்பனுக்குக் கட்டளை இல்லாமல் போகிறதே? இங்கே இன்னொரு வழி இருக்கிறது. அட்டாக் ஆக்‌ஷன் எடுக்கும்போது உங்கள் தாக்குதல்களில் ஒன்றை விட்டுக்கொடுத்தால், அதற்குப் பதில் கருப்பன் தாக்கலாம். ஆக ஹன்டர்ஸ் மார்க், ஒரு அம்பு, கருப்பனின் ஒரு அடி. இரண்டு கையாலும் ஆயுதம் பிடித்துச் சண்டை போடும் ரேஞ்சருக்கும் இதே நெருக்கடி வரும், இரண்டாவது கத்திக்கும் போனஸ் ஆக்‌ஷன் கேட்கிறது என்பதால்.

இதற்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று தோன்றும். நான்கு பேர் மேசையில் ஒருவருக்கு மட்டும் முழுசாக இரண்டு முறை கிடைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அவருடைய நேரம் இரட்டிப்பு, அவர் போடும் சேதம் இரட்டிப்பு, எதிரிகளின் அடியைப் பங்கு போட ஒரு உடம்பு கூடுதல். மற்ற மூன்று பேரும் கைபேசியை எடுத்துவிடுவார்கள். விலங்கின் சுதந்திரத்துக்கு வடிவமைப்பாளர்கள் விலை வைத்தது இதனால்தான். 2014-இல் அந்த விலை அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இதே கணக்கை இன்னும் நேராகப் போடுகிறது. அங்கே உங்களுக்கு முறைக்கு மூன்று ஆக்‌ஷன். அதில் ஒன்றைக் கொடுத்துக் கட்டளையிட்டால் விலங்கு இரண்டு ஆக்‌ஷன் செய்யும்: ஓடிப்போய் ஒரு கடி, அல்லது நின்ற இடத்தில் இரண்டு கடி. உங்களுக்கு இரண்டு மிச்சம். சொந்தத் துணை விலங்குக்குக் கட்டளையிடப் பகடை உருட்டத் தேவையில்லை. திரும்பத் திரும்பத் தாக்கினால் ஏறும் தண்டனைக் கணக்கு விலங்குக்கே தனி, உங்களோடு சேராது. ஒன்று கொடுத்து இரண்டு வாங்குகிறீர்கள், பேரம் சுத்தம். கணக்கு எளிது என்பதால் புதியவருக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு இதுதான் பிடிக்கும்.

படி 4: கட்டளை இல்லாதபோது என்ன நடக்கும் என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

விலங்கு உண்மையில் தானாகச் செயல்படும் இடங்கள் இந்தப் படியில்தான் வருகின்றன.

நீங்கள் எதுவும் சொல்லவில்லை: 2020, 2024 விதிகளில் விலங்கு நகரலாம், ஆனால் அது எடுக்கும் ஒரே ஆக்‌ஷன் டாட்ஜ். பாத்ஃபைண்டரில் இன்னும் குறைவு. கட்டளை இல்லாத விலங்கு தற்காத்துக்கொள்ளவும் வெளிப்படையான ஆபத்திலிருந்து தப்பவும் மட்டும் செயல்படும். அங்கே விலங்கு வளர வளரச் சுதந்திரமும் வளர்கிறது. இயற்கை மந்திரவாதியான ட்ரூயிடோ ரேஞ்சரோ உரிய நிலையில் முதிர்ந்த துணை விலங்குக்கான ஃபீட்டை (கூடுதல் திறமையை) எடுத்தால், கட்டளையிடாத சுற்றிலும் அது ஒரு ஆக்‌ஷன் செய்யும், ஓடலாம் அல்லது தாக்கலாம். குட்டியாக வந்தது பழகிப்போன பிறகு சொல்லாமலே புரிந்துகொள்கிறது என்பதை விதியாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சின்ன விதி இது.

ரியாக்‌ஷன்: தடியன் எழுந்து கருப்பனைத் தாண்டி ஓடப் பார்க்கிறான். ஐந்தாம் பதிப்பில் கருப்பன் யாரையும் கேட்காமல் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக், அதாவது விலகி ஓடுபவன் மேல் ஒரு அடி, போடலாம். உங்கள் முறை இல்லை, நீங்கள் வாயைத் திறக்கவில்லை, ஆனாலும் கடி விழும். புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். டிஎம்மும் மறந்துவிடுவார், ஏனென்றால் அவர் தலையில் பத்து எதிரிகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். எதிரி உங்கள் விலங்கின் பக்கத்திலிருந்து நகரும் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்குங்கள். பாத்ஃபைண்டரில் தூக்க வேண்டாம். அங்கே துணை விலங்குகள் மினியன் என்ற பிரிவில் வருகின்றன, மினியனுக்கு ரியாக்‌ஷன் கிடையாது.

நீங்கள் விழுந்துவிட்டீர்கள்: பூஜ்ய ஹிட் பாயின்ட், நினைவில்லை. ஐந்தாம் பதிப்பின் 2020 விதிப்படி இப்போது கருப்பன் டாட்ஜோடு நிற்க வேண்டியதில்லை, தான் விரும்பும் எந்த ஆக்‌ஷனும் எடுக்கலாம். கொஞ்சம் விசித்திரம்தான், எஜமான் விழுந்த பிறகே விலங்குக்கு முழு விடுதலை. ஆனால் "தான் விரும்பும்" என்று எழுதிய புத்தகம், அந்த விருப்பத்தை யார் வாயால் சொல்வது என்று எழுதவில்லை.

மூன்று வழி இருக்கிறது. டிஎம் ஆட்டலாம், பக்கத்து ஆட்டக்காரர் ஆட்டலாம், அல்லது விழுந்தவரே ஆட்டலாம். நான் மூன்றாவதன் பக்கம். விழுந்து கிடக்கும் ஆட்டக்காரருக்குத் தன் முறையில், பிழைப்பாரா என்று பார்க்க உருட்டும் ஒரு டி20 (இருபதுமுகப் பகடை) டெத் சேவ் தவிர வேறு வேலை இல்லை. அரை மணி நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில், எஜமானின் உடம்பைச் சுற்றி நின்று உறுமும் கருப்பனாக ஆடட்டும். ஒரே ஒரு நிபந்தனை: இப்போது அவர் ரேஞ்சராக யோசிக்கக்கூடாது. மருந்துக் குப்பியைப் பையிலிருந்து எடுத்து, மூடியைத் திறந்து, எஜமான் வாயில் ஊற்றும் ஓநாயை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். சட்டையைக் கவ்விப் பின்னால் இழுக்கலாம், அது ஓநாய் செய்யக்கூடியதுதான்.

படி 5: ஃபெமிலியர் வைத்திருந்தால்

விதிப்புத்தகத்தின் வார்த்தைகளைப் பார்த்தால் எல்லா விலங்குகளிலும் அதிகச் சுதந்திரம் ஃபெமிலியருக்குத்தான். உங்களிடமிருந்து தனித்துச் செயல்படும், தனக்கென்று இனிஷியேட்டிவ் உருட்டும், தன் முறையில் ஆடும். உங்கள் ஆக்‌ஷனும் போகாது, போனஸ் ஆக்‌ஷனும் போகாது. இதற்கு ஈடாக ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள்: அது தாக்கவே முடியாது. இன்னொன்று, சொன்னதை எப்போதும் கேட்கும். பூனை மாதிரி இருந்தாலும் அது உண்மையில் பூனை இல்லை, வேற்றுலகத்திலிருந்து வந்த ஆவி பூனை உருவம் எடுத்திருக்கிறது. எனவே "என் பூனை கோவிச்சுக்கிட்டு வரமாட்டேங்குது" என்று கதைக்காக நீங்கள் சொல்லலாம், விதிக்காக டிஎம் சொல்ல முடியாது.

தாக்க முடியாவிட்டாலும் உதவலாம். ஆந்தைக்கு 60 அடி பறக்கும் வேகம், எதிரியின் எட்டும் தூரத்திலிருந்து பறந்து விலகினாலும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் வாங்காத திறமை. எதிரியின் முகத்துக்கு நேரே பறந்து ஹெல்ப் ஆக்‌ஷன் எடுத்துவிட்டு மேலே ஏறிவிடும், அடுத்துத் தாக்கும் நண்பருக்கு அட்வான்டேஜ். ஒவ்வொரு சுற்றும் இதையே செய்துகொண்டிருந்தால் டிஎம் ஒரு கட்டத்தில் ஆந்தையைக் குறிவைப்பார். அதற்கு ஒரே ஒரு ஹிட் பாயின்ட். நியாயம்தான். பத்துப் பொற்காசு பொருளும் ஒரு மணி நேரமும் செலவழித்துத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: குதிரையில் ஏறும் முன்

சவாரி விலங்குக்கு 2014 புத்தகம் இரண்டு வழி தருகிறது, எது என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

பழக்கப்பட்ட குதிரையை நீங்கள் கட்டுப்படுத்தினால் அதன் இனிஷியேட்டிவ் உங்களுடையதாக மாறிவிடும், அது நீங்கள் சொல்லும் பக்கம் போகும். ஆனால் ஆக்‌ஷன் மூன்றே மூன்று: வேகமாக ஓடுவது, அடி வாங்காமல் விலகுவது, டாட்ஜ். போர்க்குதிரையாகவே இருந்தாலும் இந்த நிலையில் உதைக்காது.

தன்னிச்சையாக விட்டால் அதன் இனிஷியேட்டிவ் அதற்கே, ஆக்‌ஷனுக்கும் தடை இல்லை. உதைக்கும், கடிக்கும். கூடவே, உங்கள் விருப்பத்துக்கு எதிராகச் சண்டையைவிட்டு ஓடவும் செய்யும், அடிபட்டுக் கிடக்கும் எதிரியைத் தின்னப் பாயவும் செய்யும் என்று புத்தகமே எச்சரிக்கிறது. டிராகன் போல அறிவுள்ள சவாரி என்றால் இந்த இரண்டாவது வழி மட்டும்தான், கடிவாளம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆரம்பத்தில் முதல் வழியே போதும்.

படி 7: சண்டை இல்லாத நேரத்துக்கு ஒரு அட்டை எழுதுங்கள்

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. ஊர்ச் சத்திரத்தில் கருப்பன் எங்கே படுத்திருக்கிறான்? இரவு காவலில் யாரோ வந்தால் குரைப்பானா, பதுங்குவானா? நீங்கள் சுவர் ஏறி உள்ளே போன பிறகு வெளியே விட்டுவந்த கருப்பன் என்ன செய்கிறான்? பாத்ஃபைண்டர் ஒரு குறிப்புத் தருகிறது: கவனிக்காமல் விட்ட விலங்கு பொதுவாக ஒரு நிமிடம் கழிந்ததும் தன் இயல்புப்படி நடக்கும். அந்த இயல்பு என்ன என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரு சின்ன அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விலங்கு யாரைக் காக்கும், எதைக் கண்டு மிரளும், தனியாக விட்டால் என்ன செய்யும் என்று மூன்று வரி எழுதுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் டிஎம்மிடம் கொடுத்துவிடுங்கள். உதாரணத்துக்கு: "குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் எஜமானைக்கூட விட்டுவிட்டு அவர்களுக்கு முன்னால் நிற்கும். நெருப்பு பிடிக்காது, பந்தத்தோடு வருபவரைச் சுற்றி வட்டம் போடும். தனியாக விட்டால் பத்து நிமிடம் காத்திருக்கும், அப்புறம் மோப்பம் பிடித்துத் தேடி வரும்." இப்படி இருந்தால் டிஎம் அதை வைத்துக் கதை நகர்த்தலாம். "விசுவாசமானது, துணிச்சலானது" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

அட்டைக்கு யோசனை வேண்டுமானால் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய மூன்றரைப் (3.5) பதிப்பைப் புரட்டிப் பாருங்கள். அங்கே விலங்குக்குக் கட்டளை என்பது ஒரு பாடத்திட்டம். இன்டெலிஜென்ஸ் 1 உள்ள விலங்கு மூன்று வித்தை கற்கலாம், 2 என்றால் ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரப் பயிற்சி. தெரிந்த வித்தையைச் செய்யவைக்க ஹேண்டில் அனிமல் பகடையில் 10 வேண்டும், அடிபட்டிருந்தால் 12. தெரியாததைச் செய்யவைக்க 25. ரேஞ்சருக்கும் ட்ரூயிடுக்கும் தங்கள் சொந்த விலங்கிடம் சலுகை உண்டு.

அந்த வித்தைப் பட்டியலில் விலங்கின் மனசு நன்றாகத் தெரிகிறது. தாக்கக் கற்றுக்கொண்ட விலங்கு மனிதரையும் ராட்சதரையும் மற்ற விலங்குகளையும்தான் தாக்கும். எழுந்து நடக்கும் பிணத்தைத் தாக்க வேண்டுமானால் அதே வித்தையை இரட்டிப்பாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஆறு இடத்தில் இரண்டு போய்விடும். 'காப்பாற்று' கற்ற விலங்கு கட்டளையே இல்லாமல் உங்களைக் காக்கும். 'அடங்கு' கற்காத விலங்கு தொடங்கிய சண்டையை நிறுத்தாது, எதிரி விழும் வரையோ தானே ஓட வேண்டி வரும் வரையோ தொடரும். சரணடைந்தவனை நீங்கள் விசாரிக்க விரும்பும் நேரத்தில் இந்தக் கடைசி விதியை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பு ஆடினாலும் அட்டையில் "அடங்கத் தெரியாது" என்று நீங்களாகவே ஒரு வரி சேர்த்தால், ஓரிரண்டு நல்ல சிக்கல்கள் கேரண்டி.

அறிவு எவ்வளவு என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2014 புத்தகத்தின் சாதாரண ஓநாய்க்கு இன்டெலிஜென்ஸ் 3. "இடப்பக்கம் சுத்திப் போயி, மந்திரவாதியை மட்டும் கவனி, நான் கை காட்டினதும் பாய்" என்பதெல்லாம் அதன் தலைக்கு மேல் போகும். 2020 விதியின் நில விலங்குக்கு 8, உங்கள் மொழியும் அதற்குப் புரியும். அதே வாக்கியத்தை அது உள்வாங்கிக்கொள்ளும், பதில் பேசாது, அவ்வளவுதான். ஓநாயின் எல்லையை டிஎம் கறாராகப் பிடிக்கிறார் என்றால் சண்டை போடாதீர்கள், அவர் சரி.

டஞ்சன் வேர்ல்ட் போன்ற ஆட்டங்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று வேறு பாதை எடுத்தன. அங்கே விலங்குக்குத் தனி முறை இல்லை. ரேஞ்சரும் விலங்கும் ஒரே எதிரியைத் தாக்கினால் விலங்கின் மூர்க்கம் உங்கள் சேதத்தில் கூடும், தடம் தேடினால் அதன் சாமர்த்தியம் பகடையில் கூடும். விலங்கு எப்போதும் காட்சியில் இருக்கும், கணக்கில் மட்டும் உங்களோடு கலந்துவிடும். விலங்கு வேண்டும், நிர்வாகம் வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்றது.

படி 8: பயமும் சாவும்

தீ மூச்சுவிடும் டிராகன் முன்னால் ஓநாய் அசையாமல் நிற்குமா? ஓடினால்தான் இயல்பு. பழைய பேசிக் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில், 1981 பதிப்பில், இதற்கு அழகான விதி இருந்தது: ஒவ்வொரு பிராணிக்கும் 2 முதல் 12 வரை ஒரு துணிவு எண். இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டி, அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம். 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடிலும் விருப்ப விதியாக ஒன்று உண்டு, விஸ்டம் பகடையில் 10 வந்தால் நிற்கும். சாதாரண ஓநாய்க்கு விஸ்டம் கூட்டல் 1 என்பதால் நிற்க 60 விழுக்காடு வாய்ப்பு. நம் கருப்பனுக்கு விஸ்டம் கூட்டல் 2, அதோடு உங்கள் புரொஃபிஷியன்சி 3. 80 விழுக்காடு.

இதை மேசையில் சேர்க்க டிஎம்முக்கு ஆசை வரும். வாங்கிய நாய், வாடகைக் குதிரை, வழியில் ஒட்டிக்கொண்ட கழுதை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். வகுப்புச் சலுகையாக வந்த துணை விலங்கின் மேல் வேண்டாம். வாள்காரரின் வாள் பயந்து ஓடுவதில்லை. ரேஞ்சரின் பலத்தை மட்டும் பகடையின் தயவில் விடுவது நியாயமில்லை. அந்த ஆட்டக்காரரே விரும்பிக் கேட்டால் வேறு கதை.

விலங்கு இறந்தால் என்ன என்பதையும் முதல் சண்டைக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நேரக் கெடு உண்டு. 2020 விதியில் இறந்து ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் ஆக்‌ஷனில் அதைத் தொட்டு, ஒரு மந்திர ஸ்லாட்டை (மந்திரம் போடக் கிடைக்கும் ஒரு வாய்ப்பை) செலவழித்தால், ஒரு நிமிடத்தில் முழு ஹிட் பாயின்ட்டோடு எழும். சண்டை முடிந்ததும் எல்லா ஸ்லாட்டையும் காயம் ஆற்றக் கரைத்துவிட்டு, அப்புறம் கருப்பன் பக்கம் திரும்பிப் பார்ப்பது வழக்கமான சொதப்பல். ஒன்றை ஒதுக்கி வையுங்கள். 2014 விதியில் எழுப்ப வழியில்லை, பகை இல்லாத வேறொரு விலங்கோடு எட்டு மணி நேரம் செலவழித்துப் புது உறவு ஏற்படுத்த வேண்டும். பாத்ஃபைண்டரில் ஒரு வார ஓய்வு நேரம், காசு செலவில்லை.

முதல் ஆட்ட நாளுக்கு விலங்கின் எண்களைத் தனித் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஷீட்டின் பின்பக்கம் எழுதினால் ஒவ்வொரு கடிக்கும் தாளைப் புரட்ட வேண்டி வரும். அந்தத் தாளின் மேல் ஓரத்தில் கொட்டை எழுத்தில் மூன்று சொல்: நகர்வு இலவசம், ரியாக்‌ஷன் இலவசம், தாக்குதலுக்குப் போனஸ். பாத்ஃபைண்டர் என்றால் ஒரே வரி: ஒன்று கொடு, இரண்டு வாங்கு. உங்கள் முறை வருவதற்கு முன்னால் இருக்கும் ஆட்டக்காரர் பகடை உருட்டும்போதே, நீங்களா கருப்பனா, யார் முதலில் என்று முடிவு செய்துவிடுங்கள்.